வீட்டுக்குள் நுழைந்ததும் எரிச்சல் வருகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகுமா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 42 வயது. சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மேடவாக்கம் பக்கம் அடுக்ககத்தின் மேல்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. ஹாலும் பால்கனியும் மேற்குப் பார்த்தவை. கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், 74 வயது மாமியார் என ஐந்து பேர். மாலை 7.15-க்கு வீட்டுக்கு வருவேன். கதவைத் திறந்த அடுத்த நிமிடமே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, ஆனாலும் கத்திவிடுகிறேன். அலுவலகத்தில் இப்படி நடப்பதில்லை. மாலையில் வீடு மனசுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று இன்டீரியர் ஆட்களிடம் கேட்டேன். ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மறைவான எல்இடி விளக்கு, டிவி சுவருக்கு மரப் பேனல், மூடிய அலமாரி என்று 3.4 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். செய்யலாமா? ஹாலில் ஒரு ஊஞ்சல் போடவும் ஆசை. வீட்டின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த கொட்டேஷனில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், இப்போதைக்குப் போடாதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதையும் படங்களையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் சிக்கலில் முக்கால்வாசியை அந்த வேலை தொடவே தொடாது.

நீங்கள் நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறீர்கள். படங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒதுங்கவைத்துவிட்டு எடுக்காமல், வேலை நாளில் வீட்டுக்கு வந்த கையோடு எடுத்திருக்கிறீர்கள். அதனால் எல்லாம் தெரிகிறது. உத்தரத்தில் இரண்டு டியூப் லைட்டும் எரிகின்றன, அவற்றின் வெளிச்சம் தரை டைல்ஸில் நீளக் கோடாக மின்னுகிறது. பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறது. டிவி ஓடுகிறது. கொடியிலிருந்து எடுத்த துணி சோபாவின் மூன்று இருக்கையில் இரண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் பள்ளிக்கூடப் பை. அந்த ஹாலில் அந்த நேரத்தில் நீங்கள் உட்கார ஓர் இடம்கூட இல்லை.

உங்கள் குணம் கெட்டுப்போய்விடவில்லை. 7.15-க்கு உங்கள் வீடு சூடாக இருக்கிறது, கண்ணைக் கூசுகிறது, இரைகிறது, உட்கார விடாமல் நேரே அடுப்படிக்குத் தள்ளுகிறது. பேருந்தில் நின்று வந்த உடம்பு இத்தனையையும் ஒரே நிமிடத்தில் வாங்கிக்கொண்டால் யாருக்கும் குரல் உயரத்தான் செய்யும். இந்த ஒவ்வொன்றையும் சரிசெய்ய முடியும், பெரும்பாலும் குறைந்த செலவில்.

சூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மேல்தளத்து வீட்டில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆடாத ஸ்டூல் ஒன்றில் ஏறி, மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உள்ளங்கையை உத்தரத்தில் வையுங்கள். பிறகு இறங்கி, இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவில் உள்ள உட்சுவரில் அதே கையை வையுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரிதான் இது. மொட்டைமாடி கான்கிரீட் தளம் பொதுவாக ஐந்து அங்குலக் கனம் இருக்கும். காலையிலிருந்து வாங்கிய வெயிலை அது உடனே கீழே விடாது, சில மணி நேரம் தாமதித்துத்தான் விடும். உச்சிவெயில் இறங்கி வெளியே கடற்காற்று வீசும் மாலை நேரத்தில்தான் உங்கள் தலைக்கு மேல் சூடு உச்சத்துக்கு வருகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அந்த உத்தரத்தை ஒட்டிய சூடான காற்றைத்தான் கீழே தள்ளும்.

ஃபால்ஸ் சீலிங் இதைத் தடுக்காதா என்றால், கொஞ்சம் தடுக்கும். ஜிப்சம் பலகைக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளி ஓரளவு உதவும். ஆனால் தளம் சூடாவது அப்படியேதான் இருக்கும், உத்தரத்தின் உயரமும் அரை அடிக்கு மேல் குறைந்துவிடும். வெயிலை மாடியின் மேற்பரப்பிலேயே நிறுத்துவதுதான் சரியான வழி. அதற்கு மிக மலிவானது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. கடையில் கூல் ரூஃப் பெயின்ட், ஹீட் ரிஃப்ளெக்டிவ் கோட்டிங் என்று கேட்டால் கிடைக்கும். சதுர அடிக்குச் சில பத்து ரூபாய்தான் ஆகும். நன்றாகச் செய்தால் உள்ளே 2 முதல் 4 டிகிரி வரை குறைவது சாத்தியம். அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்ப அலைத் திட்டத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்ததும், தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்புக் காரையில் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு என்று போட்டார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் மிச்சமிருக்கும் அப்படிப்பட்ட வீடுகளுக்குள் மே மாதத்தில் போய் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

உங்கள் சிக்கல், மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுவானது. குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் மேல்தளத்தில் உங்களைத் தவிர இன்னும் மூன்று குடும்பங்களாவது இருக்குமே, அவர்களும் இதே சூட்டில்தான் வேகிறார்கள். சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பூச்சுக்கு முன்னால் விரிசலும் நீர்க்கசிவும் சரிசெய்யப்பட வேண்டும் என்பதால் கட்டடத்துக்கும் அது நல்லது, சங்கம் ஒத்துக்கொள்ள அது ஒரு காரணமாகும். மழை நின்று தளம் நன்றாகக் காய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்ற காலம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், தூசி படிந்தால் வெள்ளை வேலை செய்யாது. அவ்வப்போது பெருக்கிக் கழுவ ஆள் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சும் வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் மேற்குப் பால்கனிக்கு உட்புறம் திரை போட்டிருக்கிறீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு திரை தடுத்து என்ன பயன், சூடு வீட்டுக்குள்தான் இருக்கும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். பால்கனியின் வெளிவிளிம்பில் சுருட்டி ஏற்றி இறக்கும் மூங்கில் தட்டி மாட்டுங்கள். அது முடியாவிட்டால் நர்சரிக்காரர்கள் கட்டும் நிழல்வலை போதும், 75 சதவீதம் நிழல் தருவதாகக் கேட்டு வாங்குங்கள். காற்றில் பிய்த்துக்கொண்டு போகாதபடி கீழேயும் கட்ட வேண்டும். பகலில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். மதியம் சாப்பிட்ட கையோடு தட்டியை இறக்கிவிடுவதையும் சூரியன் இறங்கியதும் ஏற்றுவதையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தச் சாத்திய கதவு. கொசுவுக்குப் பயந்து ஐந்தரை மணிக்கே எல்லாக் கதவும் ஜன்னலும் சாத்திவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்துக் கொசுவை எனக்கும் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் சென்னையில் கோடையில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும் நேரத்தில் நாம் வீட்டை மூடிவைத்து, பகல் முழுக்கச் சேர்ந்த சூட்டைக் காவல் காக்கிறோம். 3.4 லட்சத்தில் முதலில் செலவழிக்க வேண்டியது கொசுவலைக்குத்தான். கிழக்குப் படுக்கையறை ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை, பால்கனிக்கு நகரும் வலைக்கதவு. இரண்டையும் போட்டுவிட்டு, இருட்டத் தொடங்கும்போது கிழக்கு ஜன்னலையும் மேற்குக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். நடுவில் உள்ள அறைக்கதவும் திறந்திருக்க வேண்டும். காற்றே இல்லாத நாளில் டேபிள் ஃபேன் ஒன்றைப் பால்கனிக் கதவருகே வெளியே பார்த்தபடி வைத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடான காற்றை அது வெளியே தள்ள, கிழக்கு ஜன்னல் வழியே புதுக்காற்று வரும்.

இன்னொரு சின்ன விஷயம், குளியல். வந்ததும் குளிக்கலாம் என்றால் குழாயில் வெந்நீர் வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். மாடித் தொட்டியில் கருப்போ வெள்ளையோ எந்த பிளாஸ்டிக் தொட்டியானாலும் மே மாதத்தில் அப்படித்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் குளியலறையில் பெரிய வாளி ஒன்றை நிரப்பி, இறுக மூடிவைத்துவிட்டுப் போங்கள். மூட மறந்தால் டெங்கு கொசுவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். மாலையில் அந்தத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

அடுத்தது வெளிச்சம். உங்கள் டியூப் லைட்டின் அட்டைப் பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள், அநேகமாக 6500கே, கூல் டேலைட் என்று அச்சிட்டிருக்கும். நம் வீடுகளில் பரவலாக இருப்பது இதுதான். 'கே' என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கு; அதில் எண் ஏற ஏற வெளிச்சத்தில் நீலம் கூடும். நம் அம்மாக்கள் காலத்துக் குண்டு பல்பு ஏறத்தாழ 2700. கடைக்காரர் வெள்ளையாக இருந்தால்தான் பளிச்சென்று இருக்கும் என்பார். அலுவலகத்துக்கும் கடைக்கும் அது சரி. இரவு ஏழு மணிக்கு ஓய்வெடுக்க வேண்டிய ஹாலுக்கு அது ஒத்துவராது.

இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்ப்பதற்கென்று உள்ள செல்களைத் தவிர, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கான செல்களும் நம் விழித்திரையில் இருக்கின்றன. 2002-ல்தான் அவை தெளிவாக அடையாளம் காணப்பட்டன. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகம் எதிர்வினை காட்டும். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பிருந்து உடம்பில் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஊறத் தொடங்க வேண்டும். நீலம் மிகுந்த பலத்த வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். பத்தரை மணிக்குப் படுக்கும் உங்கள் மகளுக்குப் பதினொன்றரை வரை தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, கைபேசியை மட்டும் குறை சொல்லாதீர்கள், உத்தரத்தையும் பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். துணி தைக்க, எதையாவது தேட அது வேண்டும். ஹாலில் வார்ம் ஒயிட் விளக்கு இரண்டு வையுங்கள். 2700 அல்லது 3000கே என்று பார்த்து, ஏழு முதல் ஒன்பது வாட் வரை, நூறு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று சோபாவின் பக்கத்தில் தரையில் நிற்கும் விளக்கு, இன்னொன்று பால்கனிப் பக்கச் சுவரில். இரண்டுமே உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் பல்பு நேராகப் படாதபடி துணி அல்லது மூங்கில் கூட்டுக்குள் இருக்கட்டும். ஏழு மணிக்கு மேல் அவை மட்டும் எரியட்டும். விளக்கு வைக்கிற நேரம் என்று நம் வீடுகளில் ஒரு பொழுது இருந்தது. நீங்களும் மாமியாரும் சாமி விளக்கு ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பழக்கத்தோடேயே இதையும் சேர்த்துவிடலாம். விளக்கேற்றியதும் டியூப் லைட்டை அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் யாரும் தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை.

கொட்டேஷனில் இருக்கும் நிறம் மாறும் எல்இடி பட்டையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் குழந்தைகள் விளையாடுவார்கள், அப்புறம் அதில் பல்லி குடியிருக்கும்.

வெளிச்சத்தைக் குறைக்கும்போது இரண்டு பேரை மறந்துவிடக் கூடாது. மகன் படிக்கும் மேசைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். 4000கே மேசை விளக்கு ஒன்று அவன் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கை நிழல் நோட்டில் விழாது. மாமியாருக்கு 74 வயது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி உள்ளே போகும் வெளிச்சம் குறையும். நமக்கு இதமாக இருப்பது அவர்களுக்கு இருட்டு. அவர்கள் நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்குகள், முழங்காலுக்குக் கீழே, இரண்டோ மூன்றோ போடுங்கள். மாலை அமைதிக்காகச் செய்யும் ஒரு மாற்றம் வீட்டில் ஒருவர் தடுக்கி விழக் காரணமாகிவிடக் கூடாது.

சத்தத்துக்கு வருகிறேன். மாலை ஆறிலிருந்து பத்து வரை மாமியார் டிவி பார்க்கிறார், அதுவும் பலத்த சத்தத்தில் என்று எழுதிவிட்டு, "அவங்ககிட்ட சொல்ல முடியாது" என்று முடித்திருக்கிறீர்கள். சொல்லவும் வேண்டாம். காலை எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிவிட்ட பிறகு அந்த வீட்டில் அவர்களோடு பேசுவது அந்த டிவி மட்டும்தான். அதை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. அவர்கள் ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எனக்குத் தோன்றுவது காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப்போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். சில நேரம் காதில் அழுக்கு அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். காதுக்கருவி தேவைப்பட்டால் டிவிக்கு மட்டும் இல்லை, பேரப்பிள்ளைகளோடு பேசுவதற்கும் அது பயன்படும்.

உடனடி வழி ஒன்றும் உண்டு. டிவியின் ஒலிபெருக்கி பன்னிரண்டு அடி தள்ளி இருக்கிறது, அவர்கள் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் வீடு முழுக்க நிரப்பித்தான் ஆக வேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை அவர்கள் நாற்காலிக் கைப்பிடி பக்கத்தில் வைத்து டிவியோடு இணைத்துவிடுங்கள். ஒலி அவர்கள் காதருகிலேயே பிறப்பதால் மிகக் குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கும். மகனுக்கு இதைச் செய்துகொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது.

மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. தெருவுக்கான அந்த வரம்பை நம் சமையலறை மிக்ஸி ஒன்றே வெகுவாகத் தாண்டிவிடும், 80 டெசிபலுக்கு மேல் போகும். ஏழரை மணிக்கு டிவி, மிக்ஸி, குக்கர் விசில், எக்ஸாஸ்ட் ஃபேன் நான்கும் ஒன்றாக ஓடுவதுதான் உங்கள் உச்சகட்டம். சட்னியைக் காலையிலேயே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். உங்கள் ஹாலில் தரை வழவழ டைல்ஸ், சுவர் வெறும் சுவர், திரையோ மெலிசான பாலியெஸ்டர். எழும் சத்தம் எங்கும் உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கிறது. அளவுக்கு இரண்டு மடங்கு அகலத்தில் மடிப்பு மடிப்பாக விழும் கனமான பருத்தித் திரை, தரையில் கெட்டியான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. இவை மூன்றும் வந்தால் மரப் பேனலுக்குத் தேவையே இருக்காது.

சோபாவில் கிடக்கும் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு கலைந்து கிடப்பது மனதைப் பாதிக்கிறதா என்பதை லாஸ் ஏஞ்சலஸில் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள். தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது குவிந்து கிடக்கிறது, முடியாத வேலை இருக்கிறது என்று அதிகம் பேசிய மனைவிமாருக்கு, நாள் போகப்போக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் வேலை முடித்து வரும் பெண்ணின் கண்ணுக்கு மடிக்காத துணி துணியாகத் தெரிவதில்லை, அடுத்த அரைமணி நேர வேலையாகத்தான் தெரிகிறது.

முழு வீட்டையும் ஒழுங்குபடுத்தக் கிளம்பாதீர்கள், அது நடக்காது. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடம், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணில் படும் இடம், இவை இரண்டும் போதும். காய்ந்த துணி ஹாலுக்கு வரவே கூடாது. பால்கனியிலிருந்து நேரே படுக்கையறையில் ஒரு பெரிய கூடைக்குப் போகட்டும், ஆளுக்கு ஆள் அவரவர் துணியை மடித்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் பத்தாம் வகுப்புப் பையனும் இதற்குத் தாராளமாகப் பெரியவர்கள். வாசலுக்குப் பக்கத்தில் சாவி, ஹெல்மெட், பள்ளிக்கூடப் பைக்கு ஆணி அடித்த பலகை ஒன்று.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உங்கள் கடிதத்தில் 7.15-க்கு வருகிறேன் என்ற வரிக்கு அடுத்த வரி 7.20-க்கு அரிசி களைகிறேன் என்று இருக்கிறது. நடுவில் ஐந்தே நிமிடம். விளக்கை மாற்றி, கூரைக்கு வெள்ளை அடித்து, டிவி சத்தத்தைக் குறைத்தாலும், வாசலிலிருந்து நேராக அடுப்புக்குப் போகும் ஒருவருக்கு அந்த வீடு இன்னொரு பணியிடம்தான். வீட்டில் மற்ற நான்கு பேருக்கு அமைதியைச் செய்து கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு, உங்களுக்குச் செய்து கொடுக்க ஆளில்லை என்றால் எந்த கட்டடக்கலைஞராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வெளிப்படையாகப் பேசுங்கள். "அம்மா வந்தால் அரைமணி நேரம் அம்மாவைக் கேட்கக் கூடாது" என்று சொல்லுங்கள். ஏழு மணிக்கு அரிசியைக் களைந்து குக்கரில் வைக்கப் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிய வேண்டும், பொதுத்தேர்வு வருடமாக இருந்தாலும். கணவர் எட்டரைக்கு வருவதால் இரவுச் சமையலில் பங்கெடுக்க முடியாது என்றால், காலைக் காய் நறுக்குவதும் இரவு பாத்திரம் ஒதுக்குவதும் அவருடையது. அந்த அரைமணியில் குளித்துவிட்டு, தட்டி ஏற்றிய பால்கனியில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காருங்கள். கைபேசி உள்ளேயே சார்ஜில் இருக்கட்டும்.

செடி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி விலையுயர்ந்த உட்புறச் செடிகள் வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு மூலம் 1989-ல் நாசா செய்த ஆய்வு. அது காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிகளில் நடந்தது, ஜன்னல் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் மேற்கு வெயிலுக்கு மல்லிகை நன்றாக வரும். மாலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் மொட்டுப் பறிப்பதும் உங்களுக்குப் பிடித்த வேலையாக இருந்தால் அந்த அரைமணியில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி போட்டால் ஜன்னல் திறந்திருக்கட்டும். மூடிய வீட்டில் அந்தப் புகை மாமியாரின் நெஞ்சுக்கு நல்லதில்லை.

ஊஞ்சல் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டி விட்ட கொக்கி உங்கள் ஹாலில் இல்லை. இப்போது தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடித்தால், மேல்தளம் என்பதால் நீர்க்கசிவுக்கு நாமே வழி வைப்பதாகிவிடும். ஆடும் எடையை அந்தத் தளம் தாங்குமா என்பதையும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. தரையில் நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சல் வாங்குங்கள், வீடு மாறினாலும் கூடவே வரும்.

இன்னும் ஒன்று. இத்தனையும் மாறிய பிறகும் எரிச்சல் குறையவில்லை, தூக்கம் சரியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அது வீட்டின் வேலை இல்லை. உங்கள் வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளின் ஹார்மோன் மாற்றம் எதுவும் இப்படிக் காட்டலாம். மருத்துவரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்த இன்டீரியர் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டால், கொட்டேஷனில் உள்ள மூடிய அலமாரியை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள். டிவிக்குக் கீழே, சுவர் முழு அகலத்துக்கு, முட்டி உயரத்தில், இழுப்பறை இல்லாமல் கதவு வைத்தது. அதில் ஓர் அறை பள்ளிக்கூடப் பைகள் நிற்கிற ஆழத்துக்கு இருக்க வேண்டும், பதினாறு அங்குலம் போதும். மீதிப் பணத்தில் முதலில் கொசுவலை, மூங்கில் தட்டி, விளக்கு. கூரைப் பூச்சுக்கு உங்கள் பங்கை எடுத்துவைத்துவிட்டு, சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் மேல்தளத்தார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.